வாடைக் காற்றும் வண்டியோட்டியின் விரல்களும்

தமிழர் ஓராண்டை ஆறு பருவங்களாக வகுத்தனர். அவற்றுள் கூதிர், முன்பனி, பின்பனி என்ற மூன்றும் குளிருக்கு உரியவை. ஆண்டிற் பாதியைக் குளிருக்கு ஒதுக்கிய அம்மக்கள், வாடைக் காற்றை நன்கு அறிந்திருந்தனர் என்பதில் ஐயமில்லை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையைப் பாடிய நக்கீரர், மழையில் நனைந்து, தீயிற் கைகாய்ந்தும் நடுக்கம் தீராத கோவலரை அப்பாட்டின் தொடக்கத்திலேயே நம் கண்முன் நிறுத்துகின்றார்.

அக்கோவலருக்குக் கைகாய நெருப்பு இருந்தது. இன்று யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளிற் புறப்படுபவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய இரு கைகளும் கைபிடியை விட்டு அகல இயலாதவை. உடம்பின் மற்றைய உறுப்புகளைப் போர்த்திக்கொண்டாலும், கைகளே காற்றுக்கு முன்னே நீண்டு நிற்கின்றன.

யாழ்ப்பாணத்தில் அத்தகைய குளிர் உண்டா என்று சிலர் கேட்கக்கூடும். நுவரெலியாவிற்போல இங்கு உறைபனி விழுவதில்லை. தை மாத விடியற்காலையிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே செல்வது அரிது. ஆயினும் 2022 ஆம் ஆண்டு டிசெம்பரில், மாண்டஸ் புயலின்போது, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிரினால் மடிந்தன. உறைபனி இல்லாத நாட்டிலும், மழையும் காற்றும் ஒன்றுகூடினால் உடலின் வெப்பம் எவ்வளவு விரைவாகக் கவரப்படும் என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்று.

தீவுப் பகுதியின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கின்றது. நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் படகில் வருவோர் குறிகட்டுவான் இறங்குதுறையிற் கரையேறுகின்றனர். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி, பண்ணை வழியாக யாழ்ப்பாணப் பட்டினம் வரையுள்ள வீதி முப்பது கிலோமீற்றருக்கு மேற்பட்டது. புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் இடையிலும், பண்ணையிலும் அது கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியாகின்றது. மரமோ மதிலோ அங்குக் காற்றைத் தடுப்பதில்லை. பட்டினமோ தீவுகளுக்கு வடகிழக்கே இருக்கின்றது. வாடையும் அத்திசையிலிருந்தே வீசுகின்றது. எனவே, காலையிற் பட்டினத்துக்குச் செல்பவர் பெரும்பாலும் எதிர்காற்றிலேயே செல்கின்றார். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி செல்ல, 25 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்காற்று வீசினால், அவருடைய விரல்களிற் படுவது 75 கிலோமீற்றர் வேகக் காற்றாகும்.

காற்று வெப்பத்தைக் கவரும் முறை எளிதில் விளங்கக்கூடியது. நம் தோலை ஒட்டி வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று உண்டு. வேகமான காற்று அப்படலத்தை ஓயாது அகற்றிவிடுகின்றது. 1939 முதல் 1941 வரை அந்தாட்டிக்காவில் நடைபெற்ற அமெரிக்க ஆராய்ச்சிப் பயணத்தின்போது போல் சைப்பிள், சார்ள்ஸ் பாசெல் என்னும் இருவர், சிறு உருளையொன்றில் நீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, அது உறைய எடுக்கும் நேரத்தை அளந்தனர். காற்றின் வேகத்துக்கும் வெப்ப இழப்புக்கும் உள்ள தொடர்பை அவ்வாறு கணக்கிட்டு, முடிவுகளை 1945 இல் வெளியிட்டனர்.

எனினும், காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அது எவ்வளவு வேகமாக வீசினும், உலர்ந்த கையைத் தன் வெப்பநிலைக்குக் கீழே தணிக்க மாட்டாது. நனைந்த கையையோ தணிக்க வல்லது. தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் நீர், ஆவியாக 2,900 கலோரி செலவாகும். இவ்வெப்பம் முழுவதும் 400 கிராம் எடையுள்ள ஒரு கையிலிருந்தே போய், இரத்தமும் அதனை ஈடுசெய்யாவிடின், அக்கையின் வெப்பநிலை 8 பாகைக்கு மேல் இறங்கிவிடும். ஆகவே தீவுப் பகுதியிற் கைகளுக்கு முதற்பகை குளிரன்று, ஈரமே.

இரத்தம் ஈடுசெய்யுமே என்றால், அங்கும் ஓர் இடர் உண்டு. இதயம், நுரையீரல் முதலிய உறுப்புகளைக் காப்பதே உடலின் முதற் கடமை. மார்பு குளிரத் தொடங்கியதும் விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கைக்கு வரும் வெப்பம் குறைகின்றது. தோலின் வெப்பநிலை 20 பாகையை அண்மிக்கும்போதே நுண்ணிய வேலைகளில் விரல்கள் தடுமாறத் தொடங்கும். 15 பாகைக்குக் கீழ் அத்தளர்ச்சி வெளிப்படையாகும். மேலும், விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் உள்ளன. முன்கை குளிர்ந்தால் பிடியின் வலிமையும் குன்றும்.

இதன் விளைவு வெறும் வேதனையோடு முடிவதன்று. மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத் தடையே வண்டியை நிறுத்தும் ஆற்றலிற் பெரும் பங்கை வழங்குகின்றது. அது வலக்கை விரல்களுக்குள் இருக்கின்றது. 50 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடுகின்றது. விறைத்த விரல்கள் அரை வினாடி தாமதித்தால், வண்டி 7 மீற்றர் அதிகமாக ஓடிவிடும். வீதியின் குறுக்கே மாடொன்று வந்து நிற்கும் வேளையில் அந்த 7 மீற்றரே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரமாகலாம்.

இனி, செய்யத்தக்கன யாவை? முதலாவது, கையைக் காக்க விரும்புவோர் மார்பைக் காக்கவேண்டும். காற்றுப் புகாத மேற்சட்டையும் கழுத்தைச் சுற்றிய துணியும் விரல்களுக்கே உதவி செய்கின்றன. சட்டைக்குள் மார்பின்மீது மடித்து வைத்த செய்தித்தாள்கூடக் காற்றைத் தடுக்கும்.

இரண்டாவது, கையுறை நீர் புகாததாயும், மணிக்கட்டைக் கடந்து சட்டைக் கையுடன் இடைவெளியின்றிப் பொருந்துவதாயும் இருத்தல் வேண்டும். இறுக்கமான கையுறை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நனைந்த பருத்திக் கையுறையால் நன்மை சிறிதே. கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும். உலர்ந்த சோடி ஒன்றைச் சொப்பிங் பையிற் கட்டி உடன் கொண்டுசெல்வது நன்று. பனிக்கட்டியிற் கைபட்ட மீன் வியாபாரிகள், புறப்படுமுன் கைகளை நன்கு துடைத்து உலர்த்தினாலே பாதிக் குளிர் நீங்கும்.

மூன்றாவது, கைபிடிக்கு முன்னாற் பொருத்தும் காற்றுத் தடுப்புகள். லடாக் போன்ற பனிமலைப் பகுதிகளிற் கைபிடியையும் கையையும் ஒருங்கே மூடும் உறைகளும், மின்சாரத்தாற் சூடாகும் கைபிடிகளும் பயன்படுகின்றன. தீவுகளின் வாடைக்குச் சிறிய தடுப்பே போதுமானது.

விலக்கத்தக்க வழக்கங்களும் உள. விறைத்த கையை எஞ்சினிலோ புகைக்குழாயிலோ வைத்தலாகாது. உணர்விழந்த விரல், சுட்ட பின்னரே சூட்டை அறியும். வண்டியை நிறுத்திக் கைகளை அக்குளில் வைத்துக்கொள்வதும், தோளிலிருந்து வட்டமாக வீசுவதும் நலம். மதுவருந்துதல் சூட்டுணர்ச்சியைத் தந்தாலும், தோலின் குழாய்களை விரித்து உடல் வெப்பத்தை வெளியேற்றிவிடும்; அறிவையும் மயக்கும். புகையிலை விரல்களின் குழாய்களை மேலும் சுருக்கும். பொலித்தீன் பையைக் கைமேற் கட்டினால் நெம்புகோல் வழுக்கும்.

சிறு குளிரிலேயே விரல்கள் வெளுத்து, பின்னர் நீலமாகி, மீண்டும் சிவப்பவர்கள் சிலர் உளர். 1862 இல் இதனை விரித்தெழுதிய பிரெஞ்சு வைத்தியர் மோரிஸ் ரெயினோவின் பெயரால் இந்நிலை வழங்குகின்றது. இவர்கள் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

வாடையை நிறுத்த எவராலும் இயலாது. கையை உலர வைத்தலும், மார்பைப் போர்த்தலும், விரல் விறைக்குமுன் வண்டியைச் சிறிது நிறுத்துதலும் எவருக்கும் இயலும். ஐந்து நிமிடம் தாமதமாகப் பட்டினத்தை அடைவதில் இழுக்கொன்றுமில்லை. அவசர வேளையில் விரல்கள் சொற்கேட்பதே முக்கியமாகும்.