குதிகால் உயர்ந்த செருப்பு: ‘போடப் போடச் சரியாகிவிடும்’ என்று சொல்லலாமா?

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த மறுவாரம், முசிறி கடைவீதியில் உள்ள என் கடைக்கு ஒரு பெரியவர் அட்டைப் பெட்டியோடு வந்தார். மகளின் கல்யாண வரவேற்புக்காக என்னிடம் வாங்கிப்போன ஹீல்ஸ் செருப்பு உள்ளே இருந்தது. மேடையில் இரண்டு மணி நேரம் நிற்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு முன்பாதம் எரிந்து, சுண்டுவிரலில் கொப்புளமும் வந்துவிட்டதாம். கடைசியில் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடுதான் போட்டோவுக்கு நின்றிருக்கிறது. பெரியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. “புள்ள இடிக்குதுன்னு சொன்னுச்சு, போடப் போடச் சரியாயிடும்னு சொன்னீங்களே தம்பி” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நான் செய்தது இதுதான். அந்தப் பெண் 37 போட்டுப் பார்த்தபோது விரல் பக்கம் இறுக்கியது. அதே மாடலில் 38 எடுத்துக் கொடுத்தேன். கால் உள்ளே போய்விட்டது, வியாபாரம் முடிந்தது. காலணி விற்கும் நம் உறுப்பினர்கள் அநேகமாக எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். தட்டைச் செருப்புக்கு அது பெரும்பாலும் பழுதில்லை. ஹீல்ஸுக்கு அதுவே வலிக்குக் காரணமாகிவிடுகிறது. ஏன் என்பதை வியாபாரிகள் தெரிந்துகொள்வது நல்லது. இன்று கைபேசியில் பார்த்து வீட்டுக்கே செருப்பை வரவழைக்கிறார்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டென்றால், அது வாடிக்கையாளரின் கால் நம் கண்முன்னால் இருப்பதுதான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு செங்கற்களைப் படுக்கப் போட்டு அவற்றின்மேல் குதிகால்களை வைத்து, விரல் பக்கத்தைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் நில்லுங்கள். செங்கல்லின் உயரம் சுமார் 3 அங்குலம். பாரம் முழுவதும் முன்னால் சரிந்து, விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில் இறங்குவதை உணர்வீர்கள். கெண்டைக்கால் இழுக்கும், இடுப்பு பின்னால் வளையும். தட்டையாக நிற்கும்போது குதிகாலும் முன்பாதமும் பங்கிட்டுக்கொள்ளும் பாரம், ஹீல் உயர உயர முன்பாதத்தின் தலையிலேயே விழுகிறது. செருப்பின் உட்புறம் ஒரு சரிவு. அந்தச் சரிவில் கால் முன்னோக்கி வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது செருப்பின் வாரும் பின்பக்கப் பிடிப்பும்தான்.

இப்போது ஒரு சைஸ் பெரிய செருப்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? பின்பக்கம் தளர்ந்துவிடுகிறது. கால் இன்னும் அதிகமாக வழுக்கி, விரல்கள் குறுகிய முனையில் போய் நெரிபடுகின்றன. செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்தே நடக்க வேண்டியிருக்கிறது. கொப்புளமும் கால் ஆணியும் வருவது இதனால்தான். அந்தப் பெண்ணுக்குக் குறைவாக இருந்தது அகலம். நான் கூட்டிக் கொடுத்ததோ நீளம்.

அகலம் நம் ஊரில் முக்கியமான விஷயம். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், இந்தியர்களுக்கென ‘பா’ என்ற அளவு முறையை வகுப்பதற்காக, 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட இந்தியர் பாதம் பொதுவாக அகலமானது என்று அதில் தெரியவந்தது. சிறு வயதில் வெறுங்காலோடும் திறந்த செருப்போடும் நடந்த பாதத்தில் விரல்கள் நன்றாக விரிந்திருக்கும் என்பதை நாமே பார்க்கிறோம். வெளிநாட்டுக் கட்டையில் தைத்த கூர்முனை ஹீல்ஸ் அந்தக் காலுக்குப் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

சைஸ் எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. நமக்குப் பழக்கமான 4, 5, 6 என்பது பிரிட்டிஷ் கணக்கு. அதில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 8.5 மி.மீ. 36, 37, 38 என்பது ஐரோப்பியக் கணக்கு. அதில் வித்தியாசம் 6.7 மி.மீ.தான். இரண்டு ஏணிகளின் படிகளும் ஒரே இடைவெளியில் இல்லாததால், “5 என்றால் 38” என்று வாய்ப்பாடு போலச் சொல்வது தோராயமான பேச்சுதான். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணை நம்பாமல் காலை அளக்க வேண்டும். அதையும் மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலை 10 மணிக்குச் சரியாக இருந்த செருப்பு இரவு வரவேற்பில் கடிப்பது இதனால்தான். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது. பெரிய காலுக்குப் பொருந்துவதைக் கொடுத்து, சின்னக் காலுக்கு உள்ளே மெல்லிய பேட் வைத்துவிடலாம்.

அளவு கருவி இல்லையே என்று தயங்க வேண்டாம். வெள்ளைத்தாளில் வாடிக்கையாளரை நிற்கச் சொல்லி பென்சிலால் காலைச் சுற்றி வரையுங்கள். செருப்பை அந்தக் கோட்டின்மேல் வைத்தால் கால் எவ்வளவு வெளியே பிதுங்கும் என்பது அவருக்கே தெரியும். உட்கார்ந்தபடி வரையக் கூடாது. நிற்கும்போதுதான் பாதம் முழு அளவுக்கு விரியும்.

கொள்முதலின்போதே பார்த்துக்கொள்ள வேண்டியவையும் சில உண்டு. செருப்பை மேஜைமேல் வைத்து விரலால் தட்டினால் ஹீல் ஆடக் கூடாது. இரு கையாலும் பிடித்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில், பாதத்தின் குழிவுப் பகுதியில் வளைந்தால் உள்ளே ஷாங்க் என்னும் தகடு இல்லை, அல்லது மட்டமானது என்று பொருள். அது எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். பென்சில் ஹீலைவிட பிளாக் ஹீல் நிலையாக நிற்கும். அடிப்பாகம் முழுவதும் நிரம்பிய வெட்ஜ் நம் ஊர் மண் தெருவுக்கும் பஸ் படிக்கட்டுக்கும் இன்னும் தோது. முன்பக்கத்திலும் ஒரு அங்குலக் கனம் இருந்தால், 3 அங்குல ஹீலில் கால் உணரும் சரிவு 2 அங்குலத்துக்கு உரியதுதான். உயரமும் வேண்டும், வலியும் கூடாது என்று கேட்கும் மணப்பெண்ணுக்கு அதைக் காட்டலாம். கணுக்காலைச் சுற்றி பெல்ட் இருந்தால் வழுக்கல் பெருமளவு குறையும்.

புத்தகங்களில் காணாத ஒரு விஷயம் மெட்டி. மூடிய கூர்முனைச் செருப்புக்குள் மெட்டி போட்ட விரல் போனால் பக்கத்து விரலை அழுத்திப் புண்ணாக்கும். திருமணமான பெண்களுக்கு விரல் பக்கம் திறந்த மாடலையே எடுத்துக் காட்டுங்கள். சேலைக்காக வாங்குபவரிடம், செருப்பைப் போட்டுக்கொண்டே சேலை கட்டச் சொல்லுங்கள். பிறகு கொசுவம் தரையில் புரண்டு தடுக்காது.

வாங்கியவர் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் அரைமணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடந்தால் நடை பழகும், வார் சற்று இளகும். ஆனால் இறுக்கமான முனை இதனால் அகலமாகிவிடாது. ஹீலின் அடியில் உள்ள ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கணுக்கால் பிசகும். தினசரி வேலைக்கு 2 அங்குலத்துக்குள் இருப்பது நல்லது; நாள்விட்டு நாள் தட்டையும் போட வேண்டும். இங்கிலாந்தில் 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுக்கணக்கில் ஹீல்ஸ் அணிந்த பெண்களுக்குக் கெண்டைக்கால் தசை நார்கள் குறுகி, குதிநாண் விறைத்திருந்தது தெரிந்தது. அவர்களில் சிலர் திடீரென்று தட்டைச் செருப்புக்கு மாறினால் வலிக்கிறது என்று சொல்வதன் காரணமும் அதுதான்.

சிலருக்கு ஹீல்ஸ் விற்கவே கூடாது. நீரிழிவு இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் செருப்பு கடிப்பது தெரியாது. கொப்புளம் ஆறாத புண்ணாக முற்றும். அவர்களுக்கு டாக்டரைக் கேட்டு எம்.சி.ஆர். செருப்பு. உணர்வற்ற பாதத்துக்கான காலணியைப் பற்றி நம் நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளிடையே பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள். அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுதும் பரவ வேண்டும் என்பதுதான் அவர்களது அக்கறை. கர்ப்பிணிகளுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் தட்டையைக் காட்டுவதே முறை.

கடைசியாக என் கடையில் நடந்த ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விற்கும் மாடலைக் காலில் போட்டுக்காட்டினால் விற்பனை கூடும் என்று நினைத்து, கவுண்ட்டரில் நிற்கும் பெண்ணையே ஒரு தீபாவளி சீசனில் ஹீல்ஸ் போடச் சொன்னேன். மூன்றாம் நாள் மாலை கவுண்ட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், அந்தப் பெண் வெறுங்காலோடு அட்டைப்பெட்டி மேல் நின்றுகொண்டிருந்தது. உட்கார ஒரு ஸ்டூல்கூட நான் போட்டிருக்கவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் 2017-ல் வந்த அரசாணை, பெண் ஊழியர்களை ஹைஹீல்ஸ் அணியக் கட்டாயப்படுத்தக் கூடாது, குதி ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. அது வேறு நாடு என்று விட்டுவிட முடியாது. கேரளம் 2018-ல் கடை ஊழியர் உட்கார வழி செய்து சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்து, எல்லா ஊழியருக்கும் இருக்கை வைப்பது கட்டாயமாகியிருக்கிறது. ஜவுளி, பாத்திரம், மளிகை என எந்தக் கடைக்கும் இது பொருந்தும்.

இப்போது கவுண்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், முன்னால் அளவெடுக்க ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஒரு பென்சில். அந்தப் பெண் தட்டைச் செருப்பில்தான் நிற்கிறது. அடுத்த ஹீல்ஸ் ஆர்டருக்கு, முனை அகலமான மாடல்களை மட்டும் அனுப்பும்படி திருச்சி மொத்த வியாபாரியிடம் சொல்லியிருக்கிறேன். “அந்த மாடல் ஓடாதே” என்றார் அவர். முதலில் இரண்டு டஜன் மட்டும் எடுத்துப் பார்க்கிறேன்.