சூடு போதாத கரி

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஏரியைத் தூர்வார இறங்கினால் முதலில் வெட்டுப்படுவது சீமைக் கருவேலம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-இல் அதை அகற்ற உத்தரவிட்டதிலிருந்து, வெட்டுவதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். வெட்டிய கட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. அது விறகாகவோ கரியாகவோ எரிந்து முடிகிறது. கையால் நெரித்தால் பொடியாகும் கரிக்கு வேறென்ன பயன் என்ற எண்ணமே இதற்குக் காரணம். எனக்கு அந்த எண்ணத்தில் உடன்பாடில்லை. கரி நொறுங்குவதில் பெரும்பங்கு நாம் அதைச் சுடும் விதத்தைச் சேர்ந்தது.

ராமநாதபுரம் பக்கம் கட்டைகளை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, பல நாள் புகையவிட்டு மூட்டம் போடுகிறார்கள். உள்ளே வெப்பம் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது. பெரும்பாலும் 400, 500 டிகிரியோடு வேலை முடிந்துவிடும். மரத்துக்கு இழுவலு தரும் செல்லுலோஸ் 300 டிகிரியைத் தாண்டியதும் வேகமாகச் சிதைகிறது. மரத்தின் இன்னொரு கூறான லிக்னின் மெதுவாக, நெடுநேரம் சிதைகிறது. கட்டை நீளவாக்கில் ஓரளவும் குறுக்குவாக்கில் அதைவிட அதிகமாகவும் சுருங்குவதால், சூடு அவசரமாக ஏறினால் விரிசல் விழுகிறது. ஸ்ப்ரூஸ் மரத்தின் செல் சுவரை நுண்ணிய ஊசிமுனையால் அழுத்திப் பார்த்த ஆஸ்திரிய ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. அதன்படி விறைப்பு மிகவும் குறைந்திருப்பது ஏறக்குறைய 400 டிகிரியில்தான்: பழைய நார் அழிந்துவிட்டது, புதிய கார்பன் வலை இன்னும் பின்னப்படவில்லை. 700 டிகிரிக்குக் கொண்டுபோனபோது கடினத்தன்மை சுடாத மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. ஆக, சந்தைக்கு வரும் கரியில் பெரும்பகுதி தன் மிகப் பலவீனமான கட்டத்தை ஒட்டியே சூளையை விட்டு வெளியேறுகிறது.

இன்னும் சூடேற்றினால் பென்சில் முனைபோல வழுக்கும் கிராஃபைட் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. சில கார்பன்கள் 3000 டிகிரியிலும் கிராஃபைட் ஆவதில்லை என்று வேதியியலாளர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1951-இல் காட்டினார். மரக்கரி அந்த இனம். அதன் நுண்தாள்கள் தாறுமாறாகத் திரும்பி, குறுக்குப் பிணைப்புகளால் பூட்டிக்கொண்டிருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதில்லை. மெதுவாகச் சுட்டால் மரத்தின் நீர்க்குழாய்களும் செல் சுவர்களும் அப்படியே கார்பனாக நிற்கும். அந்தத் துளைகளில் பிசினை ஏற்றலாம். உருகிய சிலிக்கானை ஊற்றிச் சிலிக்கான் கார்பைடு பீங்கானாகவே மாற்றலாம். குறையையும் சொல்ல வேண்டும்: இப்படிச் சுட்ட கரி வளையாது, இழுத்தால் முன்னறிவிப்பின்றி உடையும். கார்பன் இழையின் இடத்தை இது பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெப்பம் தாங்கும் தகடு, வடிகட்டி, சோடியம்-அயனி பேட்டரியின் மின்வாய் போன்றவைதான் இதற்கேற்ற இடங்கள்.

கிளைக்கும் அடிமரத்துக்கும் அடர்த்தி மாறும், ஒரே தரம் வராது என்பது நியாயமான மறுப்பு. தரம் பிரித்துச் சோதிப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. கரிக்கு விலை ஏறினால் சீமைக் கருவேலத்தை வளர்க்கத் தொடங்கிவிடுவார்களே என்ற அச்சம் அதைவிடக் கனமானது. அதனால்தான் ஏரியிலிருந்து வேரோடு பிடுங்கும் மரத்தோடு இப்படிக் கரி சுடும் முயற்சி நிற்க வேண்டும் என்கிறேன். அடிக்கட்டையை விட்டுவைத்தால் அது மறுபடி தழைத்துவிடும். சோதித்துப் பார்க்க இடம் அருகிலேயே உண்டு: விமானவியலும் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பமும் கற்பிக்கும் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.) 1949 முதல் குரோம்பேட்டையில் இருக்கிறது. தாம்பரம் மாநகராட்சி அடுத்த முறை ஏரியில் வெட்டும் கட்டையில் ஒரு லாரியை அங்கே அனுப்பட்டும்.