பழைய லாரியின் நீர்வழி

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜவ்வாது மலையேறும் சாலையில், சுமையேற்றிய லாரி தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்லும்போது, என்ஜின் முழு வலுவுடன் உழைத்து மிகுந்த வெப்பத்தை உண்டாக்குகிறது. வேகமில்லாததால் எதிர்காற்று குறைந்துவிட, அவ்வெப்பத்தை வெளியேற்றும் பொறுப்பு விசிறியின் மீதும் என்ஜினுக்குள் சுழலும் நீரின் மீதும் விழுகிறது. வானாய்வகம் அமைந்த காவலூர் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே திறந்த பாத்திரத்து நீர் 98 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி அரை பார் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்கினாலே நீரின் கொதிநிலை 110 டிகிரியை ஒட்டி உயரும் என்பதால், வெடிப்பு விட்ட ஒரு ஹோஸோ தளர்ந்த கிளிப்போ நீரை மட்டுமன்றி இந்தக் காப்பையும் இழக்கச் செய்கிறது.

டாடா நிறுவனம் டைம்லர்-பென்ஸுடன் இணைந்து லாரி கட்டத் தொடங்கிய 1954-ஆம் ஆண்டும், எண்ணூரில் ஆலை கொண்ட நிறுவனம் அசோக் லேலண்ட் என்ற பெயரைப் பெற்ற 1955-ஆம் ஆண்டும் முதல் பல வகை லாரிகள் நம் சாலைகளுக்கு வந்துள்ளன. பல கைகள் மாறி, ரேடியேட்டரும் சில வேளை என்ஜினுமே மாற்றப்பட்ட பழைய வண்டியில், தயாரிப்பாளரின் வரைபடம் கண்ணெதிரே உள்ள இணைப்புகளோடு பொருந்தாமல் போகலாம். எனவே ஹோஸ் எங்கே போகிறது என்பதைவிட, நீர் எத்திசையில் ஓடுகிறது என்று கேட்பதே சரியான தொடக்கமாகும்.

வாட்டர் பம்ப் ரேடியேட்டரின் அடியிலிருந்து, பாட்டம் ஹோஸ் வழியாக, ஆறிய நீரை இழுத்து, சிலிண்டர்களைச் சூழ்ந்த அறைகளுக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறும் நீர், தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப வால்வை அடைகிறது. வால்வுக்குள் இருக்கும் மெழுகு சுமார் 80 டிகிரியில் உருகி விரியும்வரை டாப் ஹோஸின் வழி மூடியே இருக்க, நீர் பைபாஸ் என்ற குறுக்குவழியில் பம்புக்கே திரும்புகிறது. வால்வு திறந்ததும் சூடான நீர் ரேடியேட்டரின் மேல்தொட்டிக்குச் செல்கிறது. ஏர் பிரேக் கம்ப்ரஸருக்குப் போய்வரும் மெல்லிய குழாய்களும், மேல்தொட்டிக்குக் காற்றுக்குமிழிகளைக் கொண்டுசெல்லும் சிறு குழாயும் இப்பெருவழியின் கிளைகளே. காற்றுக்குழாய் இடையில் தொய்ந்தால் காற்று அங்கேயே தேங்கிவிடும்.

வண்டி சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கம் பட்டறைகளில் நெடுங்காலமாக உண்டு. பல என்ஜின்களில், திறக்கும் அதே வால்வின் அடித்தட்டுதான் பைபாஸை அடைக்கிறது. வால்வே இல்லாதபோது சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே பம்புக்குத் திரும்புவதால், குளிர்ச்சிக்காகச் செய்த வேலை ஏற்றத்தில் வெப்பத்தையே கூட்டுகிறது. ஆறிய என்ஜினை ஓடவிட்டு, இடையிடையே நிறுத்தி, விசிறி நின்றபின் டாப் ஹோஸைத் தொட்டுப் பார்த்தால், வால்வின் நிலை பெரும்பாலும் புலப்படும்: தொடக்கத்தில் குளிர்ந்திருந்து பின்னர் விரைவாகச் சுடுவது இயல்பு, தொடங்கியது முதலே மெல்லமெல்லச் சூடேறினால் வால்வு திறந்தே சிக்கியிருக்கிறது அல்லது அங்கே இல்லை.

பம்பின் உறிஞ்சலால் பாட்டம் ஹோஸ் உட்புறமாக ஒட்டிக்கொள்ளாதிருக்க, சில ஹோஸ்களுக்குள் கம்பிச்சுருள் வைக்கப்பட்டிருக்கும். புதிய ஹோஸ் மாற்றும்போது, துருப்பிடித்ததென்று அதை எறிந்துவிடாமல், அதே அளவில் வேறொரு சுருளை உள்ளே செருகிய பிறகே கிளிப்பை முறுக்க வேண்டும்.