தேனீக்கு வாசற்படி வேண்டுமா?

சுங்கை சிப்புட் பக்கம், முன்பு பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட ஓர் இடத்தில் என் மாமா இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் ஆறு கெலுலுட் கட்டைகள் வைத்திருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருடைய கைச்செலவுக்கு அந்தத் தேன்தான் உதவுகிறது. போன மாதம் போயிருந்தபோது, ஒவ்வொரு கட்டையின் வாசலுக்குக் கீழேயும் ஒரு சின்னப் பலகை அடித்திருந்தார். வெளிநாட்டுத் தேன்பெட்டிகளை யூடியூப்பில் பார்த்தாராம். "களைச்சு வர்ற பூச்சி உட்கார ஒரு திண்ணை வேணாமாம்மா?" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மாலை அந்தத் திண்ணையில் முதலில் உட்கார்ந்தது ஒரு பல்லி. வீடு திரும்பிய தேனீக்களை நிதானமாக ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றது.

மரப்பொந்தில் வாழும் தேனீக்கு யாரும் பலகை வைத்துத் தருவதில்லை. புது வீடு தேடும் ஐரோப்பியத் தேனீக்கள் எதை விரும்புகின்றன என்று அமெரிக்காவின் தாமஸ் சீலி ஆராய்ந்தார். தரையிலிருந்து 1 மீட்டரில் இருந்த வாசலைவிட 5 மீட்டர் உயரத்து வாசலையே அவை தேர்ந்தெடுத்தன. அதிலும் சிறிய வாசல்தான் பிடித்திருந்தது. எதிரி எட்டக்கூடாது, அவ்வளவுதான்.

இறங்குவதற்கும் சமதளம் தேவையில்லை. இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மாண்டயம் சீனிவாசனும் சக ஆய்வாளர்களும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படுக்கையாக, சாய்வாக, செங்குத்தாக, தலைகீழாகக்கூடப் பலகையை வைத்துத் தேனீ இறங்குவதைப் படம் பிடித்தார்கள். எந்தக் கோணத்திலும் அது சுமார் 16 மில்லிமீட்டர் தூரத்தில் ஒரு கணம் அந்தரத்தில் நின்று, பிறகு பற்றிக்கொள்கிறது. நம் கார் ஓட்டிகளில் எத்தனை பேர் இப்படிப் பார்க்கிங் செய்வார்கள்!

அப்படியானால் பெட்டிகளில் பலகை எதற்கு? பெரும்பாலும் வளர்ப்பவருக்காக. மகரந்தம் வருகிறதா, செத்த தேனீ எத்தனை, எறும்பு ஏறுகிறதா என்று பெட்டியைத் திறக்காமலே பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பாதிரியார் நியூட்டன் பெயரில் வழங்கும் பெட்டியிலும் அடிப்பலகை முன்பக்கம் நீண்டிருக்கும். அது இந்தியத் தேனீக்கான பெட்டி. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ரப்பர் தோட்டங்களை நம்பியே தேனீ வளர்க்கிறார்கள். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கிறது. 1877இல் நட்ட ரப்பர் மரம் கோலகங்சாரில் நிற்கும் பேராக்கில், தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய நமக்கு இந்த இனிப்பு தெரியாமலே போனது கொஞ்சம் வேடிக்கைதான்.

கெலுலுட்டின் கதை வேறு. கொடுக்கால் கொட்டத் தெரியாத இந்தச் சிறு தேனீ, மரப்பிசினையும் மெழுகையும் குழைத்து வாசலில் தானே ஒரு குழாய் கட்டிக்கொள்கிறது. புனல்போல விரிந்த அதன் விளிம்பில் காவல் தேனீக்கள் சுற்றி நிற்கும். எறும்பு வந்தால் பசைப் பிசினில் மாட்டிக்கொள்ளும். திண்ணை, கதவு, காவல் எல்லாம் அந்த ஒரு குழாயில் அடக்கம். அதன் கீழே நாம் அடிக்கும் பலகை, எதிரிக்கு ஏணி வைத்துக் கொடுப்பதுதான். ஈப்போ வட்டாரத்து மழையில் தண்ணீரும் அதில் தேங்கும்.

பலகைக்குச் செலவிடுவதை வேறு இரண்டு காரியங்களுக்குச் செலவிடலாம். கட்டைக்கு மேலே நல்ல கூரை போடலாம். தாங்கும் கால்களுக்குக் கீழே எண்ணெய்க் கிண்ணம் வைக்கலாம். வாசலின் திசையை அடிக்கடி மாற்றாமல் இருக்கவேண்டும். தேனீ வீட்டை இடம் பார்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

மாமா பலகைகளைக் கழற்றிவிட்டார், ஐந்தை மட்டும். ஆறாவது கட்டையில் தேனீக்கள் குழாயை நீட்டிப் பலகையோடு சேர்த்துப் பிசினால் ஒட்டியிருந்தன. பிடுங்கினால் வாசலே உடைந்துவிடும். "அதுங்களே எடுத்துக்கிச்சு, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பல்லியை விரட்ட இப்போது சாயங்காலத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.