சிறப்புக் குழந்தைகளைக் கேலி செய்வது ஏன்?

கல்யாண வீடு. மைக் சத்தம் தாங்காமல் ஒரு சிறுவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுகிறான். அவன் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் அவனைப் போலவே ஆடிக் காட்டிச் சிரிக்கிறார்கள். பெரியவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், சிலர் புன்னகைக்கிறார்கள். "சின்னப் பிள்ளைங்கதானே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த விருந்துக்கு அந்தத் தாய் பிள்ளையை அழைத்து வருவதில்லை. அதற்கடுத்த விருந்துக்கு அவளே வருவதில்லை.

மடத்துக்குளம், உடுமலை, திருப்பூர் வட்டாரத்தில் மில் வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும் குடும்பங்களில் இது இன்னும் கடினம். விடிந்ததும் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும். பிள்ளையைப் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட வேண்டும். தெரு கேலி செய்தால், கதவைப் பூட்டிப் பிள்ளையை உள்ளேயே வைப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை.

பிள்ளைகள் ஏன் கேலி செய்கிறார்கள்? வித்தியாசமாக ஒன்றைப் பார்த்தால் குழந்தை "ஏன் இப்படி?" என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. நாம் தரும் பதிலில்தான் கோளாறு தொடங்குகிறது. "சும்மா இரு, பார்க்காதே" என்று அதட்டினால், அது பயப்பட வேண்டிய ஒன்று என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. "அது லூசு" என்றால் கேலி செய்ய ஒரு பெயர் கிடைக்கிறது. "அவங்க அத்தா அம்மா செய்த பாவம்" என்றால் கேலி செய்ய ஒரு நியாயமே கிடைத்துவிடுகிறது.

இந்த 'பாவம்' என்ற விளக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024-ல் தமிழகம் பார்த்தது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அறக்கட்டளையை நடத்திவந்த மகாவிஷ்ணு என்ற சொற்பொழிவாளர், சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் பேசும்போது, முற்பிறவிப் பாவத்தால்தான் உடல் குறைபாட்டோடு பிறக்கிறார்கள் என்ற கருத்தைச் சொன்னார். மாணவர்கள் முன்னிலையிலேயே அதை எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர் சங்கர். மாற்றுத்திறனாளிகள் தரப்பில் புகார் எழுந்து, செப்டம்பர் 7 அன்று அந்தச் சொற்பொழிவாளர் கைது செய்யப்பட்டார்.

நமக்கு மறுபிறவி நம்பிக்கை இல்லை, எனவே இது நம் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. முற்பிறவி என்று சொல்லாவிட்டாலும், பெற்றோரின் பாவம், கண்ணேறு, ஜின், கிரகண நேரத்தில் வெளியே போனது என்று நம் வீடுகளிலும் பேச்சு உண்டு. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் திரும்பத் திரும்பக் கூறுகிறது. அப்படியிருக்க, பெற்றோரின் பாவம் எப்படிப் பிள்ளையின் கைகாலில் இறங்கும்? டவுன் சிண்ட்ரோம் என்பது செல்லில் 21-வது குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வருவது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குத் தசைகள் கட்டுப்படுவதில்லை. வாயில் எச்சில் வடிந்தாலும் அறிவு முழுமையாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு நமக்குச் சாதாரணமான மிக்ஸி சத்தமே தாங்க முடியாததாக இருக்கும். காதைப் பொத்துவது சேட்டையல்ல, தற்காப்பு.

அறியாமையைத் தவிர, அச்சமும் பெருமையும் கேலிக்குக் காரணங்கள். 'நம் வீட்டுக்கும் இது வந்துவிடுமோ' என்ற பயத்தைச் சிலர் சிரிப்பால் மறைக்கிறார்கள். நான் அவனைவிட மேல் என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனம் சரியாக இந்த இடத்தைத்தான் தொடுகிறது. கேலி செய்யப்படுபவர் கேலி செய்பவரைவிட மேலானவராக இருக்கலாம் என்று எச்சரிப்பதோடு, பட்டப்பெயர் சூட்டுவதையும் அதே வசனம் தடுக்கிறது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிலர் சிரித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டும் காணாமல் விடவில்லை. ஏன் சிரிக்கிறீர்கள் என்று அங்கேயே கேட்டார்கள். மறுமைத் தராசில் அந்தக் கால்கள் உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள். சிரித்த இடத்திலேயே திருத்தம், அதுவும் கண்ணியம் உயரும் விதத்தில்.

"அந்தப் பிள்ளைக்குத்தான் ஒன்றும் புரியாதே" என்று சமாதானம் சொல்வோர் 'அபஸ' அத்தியாயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். குறைஷித் தலைவர்களிடம் மார்க்கம் பேசிக்கொண்டிருந்த நபியவர்கள், இடையில் வந்த அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைக் கண்டு முகம் சுளித்தார்கள். அது கேலியே அல்ல. அவருக்கோ பார்வை இல்லை, அந்தச் சுளிப்பை அவர் பார்க்கவும் முடியாது. ஆனாலும் அல்லாஹ் அதைச் சுட்டிக்காட்டி வசனம் இறக்கினான். பின்னர் அதே தோழர் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவரானார். நபியவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவில் பொறுப்பாளராகவும் நியமிக்கப்பட்டார். பார்க்க முடியாதவர் முன் சுளித்த முகத்துக்கே இத்தனை கண்டிப்பு என்றால், புரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கணக்கில் வராமல் போகுமா?

நாட்டின் சட்டமும் இதை விளையாட்டாகப் பார்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 92-இன்படி, பொதுவெளியில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரைப்படங்கள் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்திச் சிரிக்கவைக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் தந்தது. திக்குவாயையும் காது கேளாமையையும் வைத்து எடுத்த நகைச்சுவைக் காட்சிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ரசிக்கும் நாமும் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. பிள்ளை கேட்டால் மறைக்காமல் உண்மையைச் சொல்லுங்கள்: "அவனுக்குச் சத்தம் வலிக்கும், மெதுவாகப் பேசு." லூசு, மெண்டல், நொண்டி என்ற சொற்களை வீட்டில் யாரையும் திட்டவும் பயன்படுத்தாதீர்கள். மதரஸாவில் அந்தப் பிள்ளைக்கு ஓர் இடமும், ஒரு சூராவை மாதக் கணக்கில் கற்பிக்கும் பொறுமையும் இருக்கட்டும். தொழுகை வரிசைக்கு நடுவே ஓடினால் தந்தையை முறைக்காமல் கையைப் பிடித்து அருகில் நிறுத்துங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு ஜும்ஆ பயானை இதற்கென ஒதுக்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறவும், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்களை அணுகவும் அந்தக் குடும்பத்தோடு ஒருவர் துணைக்குப் போகலாம். வேலைநாள் கூலியை இழந்து தனியாக அலையும் தாய்க்கு அதுவே பேருதவி.

அடுத்த முறை பிள்ளைகள் சிரிக்கும்போது அருகில் இருக்கும் பெரியவர் நாமாக இருக்கலாம். அந்தச் சிரிப்பு அங்கேயே நிற்பதும் வளர்வதும் நம் வாயிலிருந்து வரும் அடுத்த வார்த்தையைப் பொறுத்தது. நம் நாவுகளைப் பேணவும், அந்தப் பெற்றோரின் சுமையைப் பகிரவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!