கப்பல் முதலாளியின் பெரம்பூர் வாசம்

வடசென்னை வாசிகள் – 17

சென்ற இதழில், 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய வரலாற்றைச் சொல்லி வருகையில், அக்காலத்துத் தொழிலாளர் இயக்கத்தில் திரு.வி.க. முதலியோருடன் சேர்ந்து உழைத்தவர் வரிசையில் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் பெயரையும் குறித்துவிட்டு, அவர் அங்கே எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பதை விளக்காமலே கடந்து சென்றோம். தூத்துக்குடியில் கப்பல் விட்டவர், கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தவர் என்னும் இரண்டு சித்திரங்கள் பாடப் புத்தகத்தின் வாயிலாக நம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டமையால், சிறையிலிருந்து மீண்டபின் ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார் என்பதையும், அவற்றுள் சில ஆண்டுகள் நம் வியாசர்பாடிக்கு அடுத்த பெரம்பூரில் மனைவி மக்களோடு குடியிருந்து ஒரு சாமானிய வியாபாரியாகக் காலம் தள்ளினார் என்பதையும் நாம் அநேகமாக மறந்தே போனோம்.

மகாகவி பாரதி நகர் என்ற முழுப்பெயரை எம்.கே.பி. நகர் என்று சுருக்கி, பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் நாள்தோறும் நூறு முறை உச்சரிக்கும் நமக்கு, அந்தப் பாரதியார் புதுச்சேரி வாசத்தை முடித்துக்கொண்டு திரும்பியபின் தம் பழைய நண்பரைக் காண்பதற்குப் பெரம்பூர் வீடு தேடி வந்தார் என்ற செய்தி ஓர் உறவுச் செய்தி போலவே இனிக்க வேண்டும். அதைப் பிள்ளையவர்களே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். ஆதலால் இவ்வாரம் வீரரை விட்டுவிட்டு, வியாபாரியாகவும் கிருகஸ்தராகவும் வாழ்ந்த சிதம்பரம் பிள்ளையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்த அவர், சட்டம் படித்து வக்கீலானது குடும்ப வழக்கத்தை ஒட்டிய காரியமே. ஆனால் தகப்பனார் போன வழியில் மகன் போகவில்லை. ஏழைகளுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடுவதும், போலீஸார் தொடுத்த வழக்குகளை உடைப்பதும், அதனால் உள்ளூர் அதிகாரிகளின் பகையைத் தேடிக்கொள்வதும் அவர் சுபாவமாயிற்று. மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடுவதே க்ஷேமம் என்று தந்தையார் கருதும் நிலையும் வந்தது. தம் வரலாற்றைப் பிற்காலத்தில் செய்யுளாகவே பாடி வைத்த பிள்ளையவர்கள், பாலப்பருவத்தில் தாம் ஆடித் திரிந்த விளையாட்டுகளையெல்லாம் விடாமல் அதில் அடுக்கிச் சொல்வதைப் படிக்கும்போது, கட்டுக்கு அடங்காத ஒரு கிராமத்துப் பிள்ளையின் உற்சாகம் அந்த வரிகளில் முதுமை வரையிலும் தணியாமல் இருப்பதை உணரலாம்.

இந்தச் சுதந்திர புத்தி தெருவோடு நின்றுவிடாமல் வீட்டுக்குள்ளும் புகுந்தது. கண் பார்வை இழந்த இராமையா தேசிகர் என்னும் துறவியைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணியபோது, அவருடைய சாதியை முன்னிட்டு ஊரார் முகம் சுளித்தனர். பிள்ளையவர்களின் முதல் மனைவி வள்ளியம்மையாரோ அதைப் பொருட்படுத்தாமல் தம் கையாலேயே அத்துறவிக்கு அன்னமிட்டார். 1901-ஆம் ஆண்டில் அந்த அம்மையார் இறந்தபின், அதே ஆண்டில் மீனாட்சி அம்மாள் அவருக்கு வாழ்க்கைத் துணையானார். கணவர் கப்பலுக்காக ஊர் ஊராக அலைந்த காலத்தையும், சிறைப்பட்ட காலத்தையும், கடையில் உட்கார்ந்த காலத்தையும் ஒரே பொறுமையோடு கடந்தவர் இந்த அம்மாளே.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கடல்வழி அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் ஏகபோகமாக இருந்தது. அதை எதிர்த்து 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதிவு பெற்ற சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் அமைப்பைக் கவனித்தால், பிள்ளையவர்களின் வியாபார மூளை நன்கு விளங்கும். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அது இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதினாயிரம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருக்க, ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே எண்ணாயிரம் பங்குகளுக்கு இரண்டு லட்ச ரூபாய் கொடுத்தார். பெருந்தனவந்தர்களை மட்டுமே நம்பி நடத்துவதாயின் பங்கின் விலையை இருபத்தைந்து ரூபாயில் வைத்திருக்க வேண்டியதில்லை. சிறிய வியாபாரியும் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் கப்பலில் தனக்கும் ஒரு பாத்தியதை உண்டு என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் உட்பொருள் என்று நான் கருதுகிறேன். கப்பல் விடுவதோடு, கப்பல் செலுத்தும் வித்தையையும் கட்டும் வித்தையையும் நம்மவருக்குக் கற்பிப்பதும் கம்பெனியின் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது.

முதலில் வாடகைக்கு அமர்த்திய கப்பல்களை, வெள்ளையர் கம்பெனியின் நெருக்குதலால் உடையவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிள்ளையவர்கள் சோர்ந்து உட்காராமல் உடனே கொழும்புக்குச் சென்று வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்தார். எனினும் இரவல் கலம் என்றைக்கும் நம் கலமாகாது என்று தெளிந்து, சொந்தக் கப்பல் வாங்குவதற்காகப் பம்பாய்க்குப் புறப்பட்டார். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் விழுந்து மடிவேன் என்னும் கருத்துப்படச் சபதம் செய்தே அவர் சென்றார் என்றும், அவ்வேளையில் மூத்த மகன் நோயுற்றிருந்தான், மனைவி கர்ப்பிணியாக இருந்தார் என்றும் அவருடைய சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். இதைக் கேட்டவுடன் வியந்து கைதட்டுவது எளிது. ஆனால் நோயுற்ற குழந்தையின் பக்கத்தில் தனியே கண்விழித்த தாயின் பங்கையும் அந்தச் சாகசக் கணக்கில் சேர்க்காவிட்டால் நாம் எழுதும் பேரேடு பொய்ப் பேரேடாகிவிடும்.

சபதம் பலித்தது. 1907-ஆம் ஆண்டு மே மாதம் ‘காலியா’ தூத்துக்குடிக்கு வந்தது. அதன் துணையாக ‘லாவோ’ என்ற கப்பலும் சேர்ந்தது. ‘காலியா’வில் முதல் வகுப்புக்கு நாற்பத்திரண்டு பேர், இரண்டாம் வகுப்புக்கு இருபத்துநான்கு பேர், சாதாரண வகுப்புக்கு ஆயிரத்து முந்நூறு பேர் பிரயாணம் செய்யலாம், நாலாயிரம் மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். இந்த எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், மேல்தளத்துத் துரைமார்களை நம்பி வாங்கிய கப்பல் இதுவல்ல என்பதும், இலங்கைக்குப் பிழைக்கப் போகும் ஏழை ஜனங்களையும் மூட்டை முடிச்சோடு கொழும்புச் சந்தைக்குப் போகும் வியாபாரிகளையும் நம்பியே அது நின்றது என்பதும் தெளிவாகும்.

அந்த ஏழைகளைத்தான் எதிராளியும் குறி வைத்தான். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க, சுதேசிக் கம்பெனி எட்டணாவாக இறக்கியது. பின்னர் வெள்ளையர் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொல்லி, ஏறுவோருக்கு ஒரு குடையும் கொடுப்பதாக ஆசை காட்டியது. ஆழ்ந்த பணப்பை உள்ளவன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டே இளைத்தவனைக் கொல்லும் இந்தத் தந்திரத்துக்கு எதிராக, தேசாபிமானம் ஒன்றைத் தவிரப் பிள்ளையவர்களிடம் வேறு மூலதனம் இருக்கவில்லை. கப்பலைக் காப்பாற்றுவதற்காக மேடை ஏறினார். மேடை ஏறியதாலேயே அதிகாரிகளின் கண் கப்பலின்மேல் விழுந்தது. அரசியலைக் கம்பெனியோடு கலக்க வேண்டாம் என்று அவரைச் சேர்ந்தவர்களிலேயே சிலர் அஞ்சினார்கள். வியாபார நியாயத்தில் அவர்கள் சொன்னது தவறில்லை. ஆயினும், அரசியல் கலவாத சுதேசிக் கப்பலுக்கு எட்டணாவைக் கையில் வைத்துக்கொண்டு எவன் வருவான் என்று பிள்ளையவர்கள் கேட்டிருந்தால் அதற்கும் அவர்களிடம் விடை இருந்திராது.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பிள்ளையவர்கள் முன்னின்று அவர்களுக்கு உணவுக்கும் உதவிக்கும் வழி தேடினார். கூலி உயர்வோடும் ஞாயிறு விடுமுறையோடும் அது வெற்றியில் முடிந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் நம் பெரம்பூர் ஆலைகளின் வாசலில் எழுந்த கோரிக்கைகள் அவருக்குப் புதியனவல்ல என்பதற்கு இதுவே காரணம். வேலைநிறுத்தம் நடந்த அதே 1908-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் பிள்ளையவர்கள் கைதானார். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. குடும்பத்துக்கு நேர்ந்தது குறையவில்லை. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியவர் பின்னர் தெளியவே இல்லை. பிள்ளையவர்கள் கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தபோதே, 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டு, எந்தக் கம்பெனியை எதிர்த்து ‘காலியா’ வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே அது விற்கப்பட்டது.

1912-ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலையானவருக்கு வக்கீல் தொழில் இல்லை. தண்டனையோடு சன்னதும் போயிற்று. கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, சேர்த்து வைத்த பொருளும் இல்லை. மனைவியும் மக்களும் இருந்தார்கள். சென்னைக்கு வந்து இடம் மாறி மாறிக் குடியிருந்த அவர், அரிசி விற்றார், நெய் விற்றார், மண்ணெண்ணெய் விற்றார், எதுவும் கைகூடவில்லை. வியாபாரியின் துணிவு அவரிடம் மிகுதியாக இருந்தது. கடைக்காரனுக்கு வேண்டிய கைச்சிக்கனமோ பிறவியிலேயே இல்லை. வந்தவருக்கெல்லாம் கொடுத்துப் பழகிய கை, அரைப்படியும் ஆழாக்கும் அளக்கும் இடத்தில் இறுகிக்கொள்ளுமா?

1915-ஆம் ஆண்டு ஏப்ரலில் காந்தியடிகள் சென்னைக்கு வந்து தம்புச் செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசன் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அவரைக் காணச் சிதம்பரம் பிள்ளை கடிதம் எழுதினார். காலை ஆறு மணிக்குச் சில நிமிஷம் ஒதுக்குவதாகக் காந்தியடிகள் பதில் எழுத, அதிகாலை ட்ராம் புறப்படும் நேரத்தை எண்ணியே தாம் வந்து சேர வேண்டியிருப்பதைப் பிள்ளையவர்கள் தெரிவிக்க நேர்ந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு கப்பல்களைக் கரை சேர்த்தவர் அவர். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியடிகள் வசம் கொடுத்திருந்த பணத்தைப் பற்றியும் இருவருக்குமிடையே கடிதங்கள் நடந்தன. அந்தத் தொகை முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் பன்னிரண்டணா. 1916-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் அது கைக்கு வந்தது. தம்முடைய இன்றைய நிலையில் அதை வேண்டாமென்று சொல்வதற்கில்லை என்று அவர் ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். மானஸ்தன் என்ற பட்டத்துக்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடுவதை அவர் தியாகம் என்று எண்ணவில்லை.

இத்தனை நெருக்கடிக்கும் இடையே 1914-இல் ‘மெய்யறம்’, அதற்கடுத்த ஆண்டில் ‘மெய்யறிவு’ என்று நூல்களை வெளியிட்டார். ஆங்கிலத்தில் ஜேம்ஸ் ஆலன் எழுதியவற்றைத் தமிழாக்கினார். ஆலைத் தொழிலாளர் இயக்கத்திலும் ஈடுபட்டார். பெரம்பூர் வாசத்தை வீழ்ச்சியின் அத்தியாயம் என்று எழுதுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். வெள்ளையர் ஏகபோகத்தின் எதிரே கப்பலை நிறுத்திய அதே மனம்தான், கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் உட்கார்ந்து அறநூலுக்கு அச்சுப்பிழை திருத்திற்று. முன்னதற்கு நாடு ஆரவாரம் செய்தது; பின்னதைப் பார்ப்பாரில்லை. என் வரையில், இரண்டாவதற்கே அதிகத் தைரியம் வேண்டும் என்பேன்.

பின்னர் அவர் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தபோது, நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்ததற்காக உரிமையை இழந்தவர், ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தம் பிள்ளைக்குச் சூட்டுவதில் முரண்பாடு காணவில்லை. கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்காடிவிட்டுத் தூத்துக்குடிக்கே திரும்பிய அவர், 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் அவ்வூர்க் காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். இறுதி நாட்களில் அவர் எழுதுவித்த சாசனத்தில் ஜவுளிக் கடைக்கு இவ்வளவு, எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு, வீட்டு வாடகை இவ்வளவு என்று கடன்கள் வரிசையாகக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியைக் கண்டவர் எண்ணெய்க் கடைப் பாக்கியையும் மறைக்காமல் எழுதிவிட்டுப் போனார் என்றால், அவரைத் தோற்ற வியாபாரி என்று சொல்வதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. நஷ்டப்பட்டவர் உண்மைதான், கணக்கில் நாணயம் தவறியவர் அல்லர். வியாபாரத்துக்கும் இல்லறத்துக்கும் வீரத்துக்கும் அவர் ஒரே பேரேட்டைத்தான் வைத்திருந்தார்.

பெரம்பூர் ஆலைகளின் அருகே ஜவுளிக் கடை வைத்திருந்து, தொழிலாளர்களின் குறைகளை முதலில் காது கொடுத்துக் கேட்ட செல்வபதி செட்டியாரைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவேன்.

(தொடரும்)