எழுத்தும் ஏவலும்

கரும்பலகையில் 'ஓடு' என்று எழுதி, இஃது ஏவல் வினைமுற்று என ஆசிரியர் விளக்கும்போது எந்த மாணவனும் எழுந்து ஓடுவதில்லை. அங்கே அச்சொல் தன்னையே சுட்டி நிற்கின்றது, எவரையும் ஏவவில்லை. இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஆனால், புள்ளிவிபரவியலார் கையாளும் 'ஆர்' என்னும் கணினிமொழியில் இதனை மறப்பதாற் பல இடர்கள் விளைகின்றன.

நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்கா, ரொபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவர் ஆக்கிய மொழி அது. அதுபற்றி அவர்கள் எழுதிய கட்டுரை 1996இல் வெளிவந்தது. அம்மொழியில் 'பார்ஸ்' என்னும் சார்பு, வெறும் எழுத்துத்தொடரைப் பிரித்துக் கட்டளையின் அமைப்பாக்கும். 'ஈவால்' என்பது அவ்வமைப்பை நிறைவேற்றும். கரும்பலகைச் சொல்லை மாணவர்மீது ஏவிவிடுவது போன்ற வேலை இது.

ஆர் மொழியோடு வரும் மாதிரித் தரவுகளுள் ஒன்று, நியூயோர்க்கின் காற்றைப் பற்றியது: 1973 மே முதல் செப்டெம்பர் வரை 153 நாட்கள், 6 பத்திகள். அவற்றுள் வெப்பநிலைக்கும் காற்றின் வேகத்துக்கும் சராசரி காண விழையும் புதியவர், கட்டளைச் சொல்லோடு பத்தியின் பெயரை ஒட்டி, அவ்வெழுத்தை ஈவாலிடம் ஒப்படைக்கின்றார். விடை வருகின்றது. (இவ்வாறு எழுத்துக் கூட்டுவதில் ஒருவகை இன்பமும் உண்டு, மறுப்பதற்கில்லை.) நாளை வேறொரு தரவில் பத்தியின் பெயர் இரு சொற்களாய் இடைவெளியோடு அமைந்தால், பார்ஸ் அவ்விடத்தே இடறி நின்றுவிடும்.

இடறி நிற்பதாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழையே கொடிது. 1ஐ 3ஆல் வகுத்த எண்ணை எழுத்தாக்கி ஒட்டினால் அது 15 இலக்கங்களோடு முடிந்துவிடுகின்றது. அதனை மீண்டும் எண்ணாக்கினால் பழைய எண்ணுக்குச் சமமாகாது, எச்சரிக்கையும் எழாது. இனி, அவ்வெழுத்து அயலார் ஒருவர் தட்டச்சிட்டதாயின், கோப்புகளை அழிக்கும் கட்டளையும் அதனுள் ஒளிந்து வரலாம். ஈவால் அதனையும் தயங்காது நிறைவேற்றும்.

பத்தியின் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டாற் போதும். அங்கே அது பொருளைத் தேடித்தரும் பெயராக மட்டுமே நிற்கும். இடைவெளி இருப்பினும் தடையில்லை. கட்டளையையே புதிதாக ஆக்க வேண்டிய இடத்திலும், 'கால்' முதலிய சார்புகள் எழுத்தின் துணையின்றி அதன் அமைப்பை நேரே கட்டித்தரும். எண் எண்ணாகவே அதனுட் செல்லும்.

விடை பார்ஸ் என்று வருமாயின், பெரும்பாலும் வினாவையே மீளச் சிந்திக்க வேண்டும் என்ற கருத்துப்படத் தோமஸ் லும்லி என்னும் புள்ளிவிபரவியலாளர் 2005இல் கூறினார். 'பெரும்பாலும்' என்றே அவர் கூறினார் என்பது கவனிக்கத்தக்கது. நாம் தட்டச்சிடும் ஒவ்வொரு வரியையும் ஆர் பிரித்து, பின் நிறைவேற்றியே விடை தருகின்றது. 2002இல் பிரீட்ரிக் லைஷ் அறிமுகஞ்செய்த 'ஸ்வீவ்' என்னும் கருவியும், கட்டுரைக்குள் பொதிந்த கட்டளைகளை வாசித்து நிறைவேற்றி, விடைகளை அக்கட்டுரையிலேயே பதிக்கின்றது. அத்தகைய இடங்களில் ஏவல் எழுத்தாகவே வந்து சேர்கின்றது; பார்ஸ் இன்றி அங்கே வேலை நடவாது.